இட்டேரியில் இறங்கும் பந்தய சைக்கிள்

தோட்டத்துச் சாளையின் மூலையில், மோட்டார் ரூமில், மாடிப்படிக்கு அடியில் என்று எங்காவது ஒரு பழைய பந்தய சைக்கிள் சாத்திக் கிடக்கிற வீடுகள் கொங்கு நாட்டில் இன்னும் உண்டு. ஹீரோ ஹாக் ஆக இருக்கலாம், பிஎஸ்ஏ மேக் ஒன் ஆக இருக்கலாம். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான டயர், துருவேறிய செயின். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்லூரிக்குப் போனவர்கள் இதற்காக வீட்டில் சண்டை போட்டிருப்பார்கள். இப்போது பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார்.

கொடுக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். தார்ச்சாலைக்கென்று செய்த அந்த ஃப்ரேமை மண்ணிலும் சேற்றிலும் ஓடுகிற சைக்கிளோகிராஸ் வண்டியாக மாற்றலாம். லட்சக்கணக்கில் விலை சொல்லும் பல பந்தய பைக்குகளில் முடியாத காரியம் இதில் முடியும். டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அன்றைய தயாரிப்பாளர்கள் தாராளமாக விட்டுவைத்த இடைவெளிதான் காரணம். மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற இடைவெளி அது. இந்த மாற்று வேலை முழுவதுமே அந்த இடைவெளியைச் சுற்றித்தான் நடக்கிறது.

சைக்கிளோகிராஸ் ஐரோப்பாவின் மழைக்கால, குளிர்கால விளையாட்டு. இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள வளையத் தடத்தில் ஒரு மணி நேரம் போலச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். புல், மணல், சேறு, செங்குத்தான மேடு எல்லாம் வரும். நடுவில் 40 செ.மீ. உயரப் பலகைகளைக் குறுக்கே நட்டிருப்பார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி, தோளில் மாட்டிக்கொண்டு தாண்டி, மறுபடி ஓடியபடியே ஏறிக்கொள்ள வேண்டும். பிரான்சில் டானியல் கூசோ என்ற ராணுவ வீரர் 1902இல் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஒக்தாவ் லாபீஸ், குளிர்காலத்தில் சேற்றில் ஓட்டிய பயிற்சிக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு என்று சொன்ன பிறகு சாலைப் பந்தயக்காரர்கள் இதைக் கவனித்தார்கள். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடந்தது. வென்றவர் ஜான் ரோபிக். அன்றைக்கு இதற்கென்று தனி சைக்கிள் கடையில் கிடைக்கவில்லை. கோடையில் ஓட்டிய சாலை சைக்கிளையே பிரேக்கும் டயரும் மாற்றி மழைக்காலத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே பழைய ஃப்ரேமை மாற்றுவது இந்த விளையாட்டுக்குப் புதுசல்ல. அது தொடங்கியதே அப்படித்தான்.

பந்தயமே வேண்டாம், ஊர்வழி சுற்றினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கும் முன்னோடி உண்டு. 1955இல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் என்ற ஊரில் ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கம் தொடங்கியது. மலைப்பாதை பைக் என்ற பெயர்கூடப் பிறக்காத காலம். சாதாரண இரும்பு சைக்கிளில் ஆட்டுத்தடங்களையும் மலைக் கணவாய்களையும் கடந்தவர்கள் அவர்கள். ஓட்ட முடியாத இடத்தில் கூச்சமில்லாமல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

நமக்கோ தடம் தேடி அலைய வேண்டியதில்லை. இட்டேரி இருக்கிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண்பாதை. மதுக்கரையிலிருந்து செட்டிபாளையம் பக்கமோ கிணத்துக்கடவு பக்கமோ உள்ளே இறங்கினால், பிளாட் போட்டு அழித்தது போக மிச்சமிருக்கும் இட்டேரிகள் தோட்டத்துக்குத் தோட்டம் கோத்துக்கொண்டு போகும். குறுக்கே ஒரு பள்ளம் வரும். இறங்கித் தூக்கித்தான் கடக்க வேண்டும். ஆடு போகாமலிருக்க யாராவது படல் சாத்தியிருப்பார்கள். பெல்ஜியத்தில் பலகை நட்டு உண்டாக்குகிற தடையை இங்கே ஆட்டுக்காரர் உண்டாக்கி வைத்திருக்கிறார். (படலைத் திறந்தால் திரும்பச் சாத்திவிட்டுப் போங்கள். அதுதான் இந்தத் தடத்தின் முதல் விதி.) மண்ணும் ஒரே மாதிரி இராது. மதுக்கரையைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் பூமி. 1930களில் சிமெண்ட் ஆலை இங்கே வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். அதில் மழை பெய்தாலும் டயர் ஓடும். செம்மண்ணிலும் ஓரளவு ஓடும். கரிசல் தட்டுப்பட்டால்தான் விஷயம் வேறு. ஐப்பசி மழையில் நனைந்த கரிசல் டயரோடு ஒட்டி, சுற்றுக்குச் சுற்று தடித்து, ஃப்ரேமில் அடைத்துக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும். இடைவெளி எதற்கு என்பது அங்கே புரியும்.

இப்போது ஸ்கேலை எடுங்கள். பழைய இந்தியப் பந்தய சைக்கிள்களின் டயரில் 27 × 1¼ என்று அச்சிட்டிருக்கும். மில்லிமீட்டரில் சொன்னால் டயரின் அகலம் 32, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 630. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் சைக்கிளோகிராஸ் பந்தயத்துக்கு அனுமதிக்கிற உச்ச அகலம் 33 மி.மீ. பால் வாங்கவும் டியூஷனுக்கும் போய்வந்த நம் சைக்கிளின் டயர், உலகக்கோப்பை டயரைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் ஒல்லி.

இன்னொரு லாபமும் இருக்கிறது. இன்றைய சைக்கிளோகிராஸ் சக்கரம் 700சி. அதில் டயர் உட்காரும் விட்டம் 622. நம் 630ஐவிட 8 மி.மீ. சிறியது, ஆரத்தில் 4 மி.மீ. கணக்குப் போடுங்கள். பழைய சக்கரத்தில் அச்சிலிருந்து டயரின் உச்சி வரை 315ம் 32ம் சேர்ந்து 347. புதிய சக்கரத்தில் 311ம் 33ம் சேர்ந்து 344. டயர் தடித்த பிறகும் தலைக்கு மேல் மூன்று மில்லிமீட்டர் அதிக இடம் கிடைக்கிறது. பக்கவாட்டிலும் கொஞ்சம் சாதகம். சக்கரம் சிறிதாகும்போது டயரின் பருத்த இடம் அச்சை நோக்கி நகர்கிறது. பின்பக்கத்துக் குழாய்கள் அச்சை நோக்கிப் போகப் போக விரிந்துகொண்டே போகின்றன. பின் அச்சைச் செருகும் காடி முன்பின்னாக நீண்டிருந்தால் சக்கரத்தைப் பின்னால் தள்ளி வைத்து இன்னும் கொஞ்சம் பெறலாம்.

டயர் தேயக்கூடிய இடங்கள் நான்கு. முன்னால் ஃபோர்க்கின் தோள்பட்டை. பின்னால் பிரேக்கைத் தாங்கும் குறுக்குப் பாலம். பெடல் அச்சுக்குப் பின்னாலிருக்கும் சின்னப் பாலம். அதை ஒட்டிய இரண்டு கீழ்க் குழாய்கள். சக்கரத்தை மாட்டி, 6 மி.மீ. ஆலன் கீயை இந்த நான்கு இடத்திலும் செருகிப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் வண்டி சேற்றுக்குத் தயார். முட்டினால் 30 மி.மீ. டயரோடு திருப்தி அடையலாம். 584 மி.மீ. விட்டமுள்ள 650பி ரிம்முக்கு மாறி, நாற்பது மில்லிமீட்டர் தடித்த டயர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிரேக் கட்டை 23 மி.மீ. கீழே எட்ட வேண்டும், பெடலும் தாழ்ந்து கல்லில் இடிக்கும். கொங்கு நாட்டுக் கல்லாங்குத்தில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இந்த இடைவெளி அந்தக் காலத்தில் ஏன் விடப்பட்டது? மட்கார்டுக்காகவும், நம் சாலைகளின் லட்சணத்துக்காகவும்தான். பின்னால் வந்த வழக்கமான பந்தய பைக்குகள் 23, 25 மி.மீ. டயரைக் கணக்கிட்டு, பிரேக்கை டயரின் தலையோடு உரசுகிற மாதிரி நெருக்கிக் கட்டின. அவற்றில் 33 போட இடமே கிடையாது. கார்பனைத் தட்டி நெளித்து இடம் உண்டாக்கவும் முடியாது.

இரும்பை முடியும். 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து தொடங்கியதுதான் சென்னை அம்பத்தூரின் டிஐ சைக்கிள்ஸ். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் அங்கிருந்து வந்தவை. குழாய் செய்ய ஆவடியில் தனி ஆலையும் எழுந்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸின் கையில்தான் 1928 முதல் ரெனால்ட்ஸ் நிறுவனமும் இருந்தது. 1935இல் அது வெளியிட்ட 531 என்ற மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய் பல பத்தாண்டுகளுக்கு டூர் டி பிரான்ஸ் சைக்கிள்களின் எலும்பாக இருந்தது. சொந்தம் அவ்வளவுதான். நம் ஊர் மேக் ஒன்னை '531 குழாய் சார்' என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் மலிவான எஃகுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. எந்த எஃகானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது, எவ்வளவு இழுத்தால் நிரந்தரமாக வளையும் என்ற எல்லை. அந்த எல்லை தாழ்ந்த சாதாரண எஃகில் குழாயைத் தடிமனாக வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் கனம். அந்தத் தடிமனே நெருப்பு வைக்கும்போது காப்பாற்றுகிறது. பற்றவைக்கிற சூட்டில் கொஞ்சம் வலு குறைந்தாலும் குழாய் தாங்கும். மெல்லிய உயர்ரகக் குழாயில் கை நடுங்கினால் ஓட்டை விழுந்துவிடும்.

முதல் இரும்பு வேலை பின்பக்கத்தை விரிப்பது. பின் அச்சு உட்காரும் இரண்டு தாடைகளுக்கு நடுவிலான தூரம் பழைய ஐந்து கியர் ஃப்ரேமில் 120 மி.மீ.; கியரில்லாத வண்டிகளில் இன்னும் குறைவாகவும் இருக்கும். ரிம் பிரேக்குக்கான இன்றைய சாலைச் சக்கரத்துக்கு 130 வேண்டும். பக்கத்துக்கு ஐந்து ஐந்தாக விரித்தால் போதும். விரித்துவிட்டு விட்டால் அது பழைய இடத்துக்கே திரும்பும். எல்லையைத் தாண்டி இழுத்தால்தான் கொஞ்சம் அங்கேயே தங்கும். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு தங்கும் என்பது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். "கொஞ்சம் கொஞ்சமா வெச்சு அமுக்கோணுங்க சார். ஒரே மூச்சுல இழுத்தா ஒரு பக்கம் மட்டும் போயிருமுங்க" என்று குறிச்சிப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். நீளப் பலகையை நெம்புகோலாக வைத்தால் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று கட்டுப்படுத்தலாம்.

சரிபார்க்க ஒரு நூல் போதும். ஒரு தாடையில் கட்டி, முன்னால் ஹேண்டில் நிற்கும் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு தாடையில் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃப்ரேம் நேர். பலரும் மறக்கிற இன்னொன்று உண்டு: விரித்த பிறகு இரண்டு தாடைகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காது, லேசாகக் கோணிக்கொள்ளும். அப்படியே சக்கரத்தை முடுக்கினால் அச்சு வளையும், ஒருநாள் முறியும். அதைத் திருத்த இரண்டு உருளைகளாலான கருவி தேவை. லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். அலுமினிய ஃப்ரேமில் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

அடுத்தது பிரேக். காசும் கவனமும் இங்கேதான் அதிகம் போகும். போகவும் வேண்டும். ரிம் 4 மி.மீ. இறங்கியதால் பழைய பிரேக்கின் கட்டையைக் காடியில் அதே அளவு இறக்கினால் பெரும்பாலும் எட்டிவிடும். எட்டாவிட்டால் கை நீண்ட பிரேக் வாங்கலாம். டெக்ட்ரோ ஆர்559 மாதிரியானவை 55 முதல் 73 மி.மீ. வரை எட்டும். வறண்ட இட்டேரிக்கு அதுவே போதும். சேற்றில்தான் சிக்கல். அந்தப் பிரேக் டயரின் தலைக்கு மேல் குறுக்காக வளைந்து நிற்பதால் மண் முதலில் அடைவது அங்கேதான். சைக்கிளோகிராஸ்காரர்கள் வெகுகாலம் கான்டிலீவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது இதனால்தான். அதன் இரண்டு கைகளும் குழாய்களின் வெளிப்புறத்தில் ஆளுக்கொரு முளையில் நிற்கும். டயருக்கு மேல் ஒரு கம்பி மட்டுமே போகும்.

அந்த முளைகள் நம் ஃப்ரேமில் இருக்காது. பற்றவைக்க வேண்டும். இதற்கு ஏற்றது பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைக்கும் பிரேசிங். எஃகு உருக 1500 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். பித்தளை 900 போல உருகிவிடும். ஃப்ரேம் உருகாமல் பித்தளை மட்டும் ஓடி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. பெயிண்ட்டையும் துருவையும் பளபளக்கத் தேய்த்து எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பித்தளை ஒட்டாமல் உருண்டு விழும். இரண்டு முளைகளும் ரிம்மிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். சக்கரத்தை மாட்டிக் குறித்துக்கொண்டே சூடு வைக்க வேண்டும். முன் ஃபோர்க்கில் மட்டும் சோதனை வேண்டாம். அது முறிந்தால் முகம்தான் தரையைத் தொடும். முளை வைத்தே வருகிற, ஒரு அங்குலத் தண்டுள்ள ஃபோர்க் கிடைத்தால் அதையே போடுங்கள். டிஸ்க் பிரேக் வைக்கலாமே என்று ஒருவராவது கேட்பார். டிஸ்க் பிடிக்கும்போது மொத்த விசையும் ஃபோர்க்கின் நுனியருகே ஒரே கையில் விழுகிறது. பழைய ஃபோர்க் அந்த இடத்தில்தான் மெலிந்து, குலுக்கலைத் தாங்க வளைகிற மாதிரி செய்யப்பட்டது. விட்டுவிடுங்கள்.

மோட்டார் பம்புக்கும் ஜவுளி இயந்திரத்துக்கும் உதிரி கடைந்து பழகிய கோவையில் இதெல்லாம் பெரிய வேலையில்லை. சைக்கிள் பாகம் என்றால் சில பட்டறைகளில் அலட்சியமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இருப்பதை வைத்துப் பந்தய வண்டி செய்வதற்கு இந்த ஊரிலேயே பெரிய உதாரணம் உண்டு. எஸ். கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கோவையில் உருவாக்கினார். அவர் பெயரில் 2003இல் திறந்த பந்தயத் திடல் செட்டிபாளையத்தில் இருக்கிறது, மதுக்கரையிலிருந்து சைக்கிள் தூரம்தான்.

சக்கரத்துக்கு வருவோம். பழைய குரோமிய ரிம்மைத் தயங்காமல் கழற்றி எறியுங்கள். ஈரத்தில் பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கும், பிடிக்கவே பிடிக்காது. அலுமினிய ரிம் ஒன்றே வண்டியின் எடையையும் நிற்கிற தூரத்தையும் குறைக்கும். பழைய ஹப்பைக் காப்பாற்ற ஆசைப்படுகிறவர்கள் ஓட்டைகளை எண்ணிப் பார்க்கவும். நம் ரோட்ஸ்டர்களில் முன்னால் 32, பின்னால் 40 ஆரக்கம்பி. 40 ஓட்டையுள்ள 700சி அலுமினிய ரிம்மைத் தேடினால் ஆயுள் போய்விடும். 32 அல்லது 36க்குப் புது ஹப் வாங்கி, கோட்டம் எடுக்கத் தெரிந்த கையில் கொடுத்துக் கட்டிக்கொள்வதே புத்தி.

மற்றவை சுருக்கம். காட்டர் பின் அடித்த பழைய கிராங்கைக் கழற்றி, மரை அளவு பார்த்து, சதுர முனைப் பெடல் அச்சு போடலாம். முன்னால் ஒரே பல்சக்கரம், 38 அல்லது 40 பல். பின்னால் 11-32 மாதிரி அகலமான கியர் தொகுதி. கியரே வேண்டாம் என்றால் முன்னால் 38, பின்னால் 18. மேட்டில் இறங்கி ஓடவேண்டி வரும், அது விளையாட்டின் பாதி. கேபிள்களை மேல்குழாயின் மேலாகவே கொண்டுபோங்கள், கீழே தொங்கினால் மண்ணும் பிடிக்கும், தோளில் மாட்டும்போது கழுத்திலும் அறுக்கும். தண்ணீர் பாட்டில் கூண்டையும் அதே காரணத்துக்காகக் கழற்றலாம். பெயிண்ட் அடிக்குமுன் குழாய்களுக்குள் எண்ணெய் ஊற்றி உருட்டி வடியவிடுங்கள். பெடல் அச்சுக் கூட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டால் உள்ளே புகுந்த மழைநீர் தங்காது. துரு ஃப்ரேமை உள்ளிருந்துதான் தின்கிறது.

முள்ளைப் பற்றி ஐரோப்பியர்கள் எழுதியது நமக்கு உதவாது. அவர்கள் பயப்படுவது சேற்றுக்கு. நம் எதிரி நெருஞ்சியும் சீமைக்கருவேலமும். 33 மி.மீ. டயரில் காற்று 30, 40 பிஎஸ்ஐ இருந்தால்தான் மண்ணில் பிடிப்பு வரும், உடம்பும் குலுங்காது. அவ்வளவு மெத்தென்று வைத்தால் கல்லில் இடிக்கும்போது ட்யூப் ரிம்மோடு நசுங்கி இரண்டு ஓட்டை விழலாம். 40இல் தொடங்கி, உங்கள் எடைக்கு ஏற்ப இறக்கிப் பாருங்கள். வால்வின் உள்தண்டைக் கழற்ற முடிகிற ட்யூப் வாங்கி அதற்குள் சீலன்ட் திரவத்தை ஊற்றிவிட்டால் நெருஞ்சி முள்ளுக்கு வண்டி நிற்காது. கருவேல முள் சில நேரம் எல்லாவற்றையும் மீறும். பங்க்சர் சாமான் பையில் இருக்கட்டும்.

எங்கே ஓட்டக்கூடாது என்பதும் உண்டு. மதுக்கரைக்கு மேற்கே வாளையார் வரை யானைக் காடு. எட்டிமடை, வாளையார் ரயில் தடத்தில் அடிபட்டு யானைகள் சாவதைத் தடுக்க 2024இல் வனத்துறை கேமராக் கோபுரங்களையே நிறுவியிருக்கிறது. தார்ச்சாலையில் வண்டி வருவது யானைக்குக் கேட்கும். மண்ணில் ஓடும் சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது, இரண்டு பேருக்கும் அது ஆபத்து. காப்புக்காட்டை விட்டுவிட்டுக் கிழக்கும் தெற்கும் திரும்புங்கள். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கே போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும், பாதித் தெம்பை மிச்சம் வையுங்கள்.

முதல் நல்ல மழையில் ஓட்டிவிட்டு வந்ததும் வண்டியைக் கழுவ அவசரப்படாதீர்கள். மண் எங்கே கட்டிக்கொண்டு நிற்கிறது, பெயிண்ட் எங்கே பளபளக்கத் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெடல் அச்சுக்குப் பின்னாலிருக்கும் சின்னப் பாலத்தில் தேய்ந்திருந்தால் சக்கரத்தை இன்னும் ஒரு மயிரிழை பின்னால் தள்ளலாம். ஃபோர்க்கில் என்றால் முன்னால் ஒரு அளவு ஒல்லியான டயர். பற்றவைத்த முளைகளைச் சுற்றி மயிரிழை போல விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஹோஸ் பைப்பைத் திறக்கலாம்.